கோடு போட ஒருவர் வேண்டும்

செய்தி வந்தபோது நான் சைக்கிளில் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஆற்றோரப் புல்வெளி வழியாகச் செல்லும் பாதையில் காலை வேளையில் என்னைப் போன்ற பொறியாளர்கள் வரிசையாக மிதித்துப் போவார்கள். நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் பொறுக்க மாட்டார்கள், மணி அடிப்பார்கள். சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. திரையில் தவராசா அண்ணையின் பெயர். வேலை நாளில் காலையில் அவர் கூப்பிடுகிறவர் அல்லர். ஓரமாக இறங்கி எடுத்தேன். பேசியது அவர் மனைவி கமலா அக்கா.

“சேகர், அவர் விடியக் காலமை போயிட்டார். நெஞ்சு நோகுது எண்டார். அம்புலன்ஸ் வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது.”

துக்கச் செய்தி சொல்பவரிடம் என்ன பேச வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, “அப்ப சனிக்கிழமை?” என்பதுதான்.  “இனிச் சனிக்கிழமை இல்லை, தம்பி” என்றார் அக்கா. அதன்பின் நெடுநேரம் அந்தப் புல்வெளியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தவராசா அண்ணையை, இவ்வூர்த் தமிழர்களான உங்களில் பெரும்பாலோர் கண்ணாடிக் கடைக்காரராக அறிவீர்கள். இளவயதில் இலங்கையிலிருந்து அகதியாக வந்து, இங்கே கண்ணாடித் தொழிலில் பயிற்சி முடித்து, சொந்தக் கடை வைத்தவர். இந்தக் கட்டுரையை உங்களில் சிலர் அவர் வெட்டிப் பொருத்திய கண்ணாடி வழியாகவே படித்துக்கொண்டிருக்கலாம். கோவில் தேர் நாளில் வெயிலில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்தவராகவும் சிலர் அறிவீர்கள். நான் அறிந்த தவராசா அண்ணை வேறு. அவர் ஒரு பழைய வைக்கோல் கொட்டகைக்குள் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த விமானத்தின் எஞ்சின் அறையில் ஓர் ஆயில் கூலரைப் பொருத்துவதில்தான் எங்கள் நட்பின் பெரும்பகுதி கழிந்தது. எனவே அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அஞ்சலிக் கட்டுரையில் குறை சொல்லக் கூடாது என்பார்கள். எங்கள் இருவருக்கும் இருந்த விதி வேறு. குறையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அவரைச் சந்தித்தது கண்ணாடிக்காகத்தான். கிட்டப் பார்வையும் தூரப் பார்வையும் சேர்ந்து கெட்டுப்போகும் வயது எனக்கு. மணவிலக்குக்குப் பிறகு தனியாக இருந்தேன். வார நாட்களில் வெப்பப் பரிமாற்றம் பற்றிய ஆராய்ச்சி வேலை, வார இறுதியில் துணி துவைப்பது, பிறகு துவைத்ததை மடிப்பது. மருத்துவரின் சீட்டில் என் பெயரைப் பார்த்தவர் நிமிர்ந்து, “தமிழோ?” என்றார். “ஆமா சார்” என்றேன். “சார் எல்லாம் வேண்டாம். அண்ணை எண்டு கூப்பிடுங்கோ. என்ன வேலை செய்யிறியள்?” வேலையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கண்ணைச் சோதிப்பதை விட்டுவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். தோல் போர்த்தாத விமானத்தின் வெறும் கூடு. “இதுக்கு எஞ்சின் வந்திட்டுது. சூடுதான் எனக்குப் பிரச்சினை. சனிக்கிழமை வாறியளோ?” என்றார். இந்நாட்டுக்கு வந்தபின் முன்பின் தெரியாத ஒருவர் என்னை அப்படி ஒரு நாள் குறித்துக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

கொட்டகை எர்லாங்கனுக்கு வடக்கே, சிறு விமானங்கள் இறங்கும் ஒரு புல்தரையின் ஓரத்தில் இருந்தது. அண்ணை விமானம் ஓட்ட உரிமம் பெற்றவர், அங்குள்ள சங்கத்தின் விமானங்களை ஓட்டிப் பழகியவர். நானோ ஏணியில் ஏறிப் பல்பு மாற்றினாலே தலைசுற்றுகிற ஆள். முதல் சனிக்கிழமையே அதைச் சொல்லியிருக்கலாம். அவர் விமானியின் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையைக் காட்டி, “இது உங்கடை” என்று சொன்ன விதத்தில் வாய் அடைத்துவிட்டது. ஆசையாகச் சொல்பவரிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ரொம்ப நன்றி என்றேன்.

ஆயில் கூலர் என்பது பார்வைக்குச் சிறிய சமாசாரம். கார் ரேடியேட்டரின் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் சுற்றிவரும் எண்ணெய் கொதித்துவிடாமல் இருக்க, அதை இதன் வழியாக விட்டுக் காற்றால் ஆற்ற வேண்டும். வீட்டில் கட்டும் விமானத்தில் அதை எங்கே பொருத்துவது என்பதைக் கட்டுகிறவரே முடிவு செய்ய வேண்டியிருக்கும். எஞ்சினுக்குப் பின்னால், சிலிண்டர்களைச் சுற்றிக் காற்றை மறித்து நிற்கும் மெல்லிய தகட்டிலேயே மாட்டிவிடலாம். அல்லது இன்னும் பின்னே தள்ளி, எஞ்சினையும் விமானியின் கால்களையும் பிரிக்கிற தடித்த எஃகுத் தடுப்பில் மாட்டி, வளையும் குழாய் ஒன்றால் காற்றைக் கொண்டுவரலாம். முதலாவது சுலபம். இரண்டாவது வேலை அதிகம், ஆனால் எஞ்சினின் உதறல் கூலரைத் தொடாது.

அண்ணை ஓர் அட்டைப்பெட்டியை வெட்டிக் கூலரின் அளவில் பொய்க் கூலர் ஒன்று செய்திருந்தார். அதை முதலில் தகட்டருகே பிடித்தார். பிறகு எஃகுத் தடுப்பருகே பிடித்தார். திரும்பத் தகட்டருகே. கடையில் கண்ணைச் சோதிக்கும்போது கேட்கிற அதே குரலில், “இப்பிடியோ, அப்பிடியோ? எது நல்லாயிருக்கு?” என்றார். எனக்கு எஃகுத் தடுப்புதான் சரி என்று பட்டது. ஆனால் அவர் அட்டையைத் தகட்டருகே கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார். அதுதான் அவருக்குப் பிடித்த இடம் போலும், விமானம் அவருடையது, வயதில் மூத்தவர், ஓட்டத் தெரிந்தவர் என்று நினைத்து, “முதல்ல காமிச்சதே நல்லா ஃபிட் ஆகுது அண்ணை” என்றேன். “டொக்டர் சொன்னால் சரி” என்றார், என் முனைவர் பட்டத்தை நினைத்து. அந்தக் குளிர்காலம் முழுக்கத் தகட்டில் துளை போட்டோம், வலுவூட்டினோம், கோணத்தைத் திருத்தினோம். ஒவ்வொரு வாரமும் நான் காற்று எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் கொண்டுபோனேன். அவர் அதை மரியாதையோடு சுவரில் ஒட்டிவைத்தார்.

வசந்தத்தில் பரிசோதகர் வந்தார். இப்படி வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் வேலையை அவ்வப்போது ஒருவர் வந்து பார்த்து ஒப்பமிட வேண்டும், இல்லாவிட்டால் அது பறக்காது. எங்களுக்கு வந்தவர் ஹெல்கா என்ற பெண்மணி. தலை நரைத்தவர், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இந்தத் தகடு உதறலில் கிழிந்துவிடும். இங்கே வைக்கலாம் என்று முடிவு செய்தது யார்?” என்று ஜெர்மனில் கேட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை என்னைப் பார்த்தார். “அவர்தான்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

“நானோ? டொக்டர், நீங்களெல்லோ இதுதான் நல்லது எண்டனீங்கள்.”

“நீங்க அங்கயே பிடிச்சுட்டு நின்னீங்க அண்ணை, அதான்.”

“எனக்குக் கை உளைஞ்சுது. அதுதான் அதிலை சாய்ச்சு வைச்சனான். எனக்கு முதல் நாளே பின்பக்கம்தான் விருப்பம்.”

“எனக்கும்தான்.”

ஹெல்காவுக்கு இதை மொழிபெயர்க்க இருவரும் பட்ட பாடு கொஞ்சமல்ல. மரியாதையின் காரணமாக ஒரு கருவியைத் தவறான இடத்தில் பொருத்த முடியும் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. அண்ணை சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, கடைசியில் வர்ண டின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஹெல்கா எங்களுக்கு ஓர் ஏற்பாடு சொன்னார். போல்ட்டில் நட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் சிவப்பு வர்ணத்தால் ஒரு கோடு இழுப்பது விமான வேலையில் வழக்கம். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். “இனி முறுக்குகிறவர் கோடு போடக் கூடாது. மற்றவர்தான் போட வேண்டும்” என்றார் அவர். அண்ணை அதோடு ஒரு விதியைச் சேர்த்தார்: “கோடு போடுறவர் முதல்ல ஒரு குறை சொல்லவேணும். குறை சொல்லாமல் கோடு இல்லை. எங்கடை ஆக்களுக்கு இதுதான் மருந்து.” அன்றிலிருந்து என்னை டொக்டர் என்று அழைப்பதையும் நிறுத்திவிட்டார். நான் சேகர் ஆனேன்.

அதன்பின் வந்த சனிக்கிழமைகளில் பேசியதைப் போல நான் வாழ்நாளில் பேசியதில்லை. சிவப்பு வர்ணத்துக்குப் பதிலாக அண்ணை, கமலா அக்காவின் நகப்பூச்சுப் புட்டியைத் தூக்கிவந்திருந்தார். அக்கா அதைத் தேடுவதாகவும், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நான் முறுக்குவேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்ப்பார். “வொஷர் கோணலா கிடக்கு.” “நட்டு சரி, உங்கடை மூஞ்சிதான் சரியில்லை. சாப்பிட்டனீங்களோ?” எதையாவது சொல்லிவிட்டுத்தான் கோடு இழுப்பார். நானும் விடவில்லை. அவர் வெட்டிய தகட்டின் ஓரம், ரோல்ஸ் என்ற பலகாரத்தில் அக்கா போட்ட மிளகாய், அவருடைய அரசியல், எல்லாவற்றிலும் குறை சொன்னேன். வாரம் முழுவதும் யாருடைய கருத்தையும் மறுக்காமல் “ஓகே, ஃபைன்” என்று மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது.

காற்றைப் பற்றி அவர் ஒன்று சொல்வார். கூலரைப் பின்பக்கம் மாற்றியபோது, குழாய் பொருந்தும் இடத்தில் விரல் நுழையாத ஓர் இடைவெளி இருந்தது. அது போகட்டும் என்றேன். “விடக்கூடாது சேகர். காத்து எங்களை மாதிரி, கொஞ்சம் திறந்து கிடக்கிற பக்கத்தாலை போயிடும். கூலருக்குள்ளாலை போ எண்டு அதுக்குச் சொல்ல ஏலாது. மற்ற எல்லா வழியையும் அடைக்கவேணும்” என்றார். தான் எந்தெந்த எல்லைகளைக் கடந்து இந்நாட்டுக்கு வந்தார் என்பதை அவர் என்னிடம் விவரமாகச் சொன்னதில்லை. அந்த இடைவெளியைச் சிலிக்கோன் பசையால் அடைத்துக்கொண்டே இவ்வளவுதான் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை நவம்பர் குளிரில் வந்தது. கூலரை எஃகுத் தடுப்பில் நிரந்தரமாகப் பூட்டும் நாள். அது ஒற்றை ஆளால் முடியாத வேலை. நான் விமானத்துக்குள் மல்லாந்து படுத்து, கருவிப் பலகைக்கு அடியில் கையை நீட்டி, போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் தடுப்பின் அந்தப் பக்கம், எஞ்சின் அறையில் நட்டை முறுக்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எஃகு வழியாகக் குரல் மட்டும் வரும்.

“பிடிச்சிருக்கிறியளோ?”

“பிடிச்சிருக்கேன் அண்ணை.”

இறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் ஸ்பேனர் டிக் என்று சொல்லும். அந்த டிக்குகளுக்கு இடையே அன்று இடைவெளி அதிகமாக இருந்தது, அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. “என்ன அண்ணை, வயசாயிடுச்சா?” என்று சீண்டினேன். “களைப்பாக் கிடக்கு” என்றார். பேச்சை மாற்றுவதற்காக, “இது பறக்கும்போது முதல்ல எங்க போவீங்க?” என்று கேட்டேன். தடுப்பின் அந்தப் பக்கத்தில் ஸ்பேனர் இன்னொரு டிக் சொன்னது. “முதல்ல நட்டைப் பாப்பம்” என்று பதில் வந்தது.

நான் வெளியே வந்து குறைகள் சொல்லிக் கோடுகள் போட்டேன். கடைசி நட்டுக்கு வரும்போது நகப்பூச்சு குளிரில் இறுகித் தூரிகையை விட்டு இறங்க மறுத்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், பயனில்லை. “விடுங்கோ, அடுத்த கிழமை போடுவம்” என்றார் அண்ணை. புட்டியை என்னிடமே கொடுத்து, வீட்டில் சூடாக வைத்திருக்கச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை வருமுன் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது.

இறுதிச் சடங்கில் உங்களில் பலரைப் பார்த்தேன். ஒரு பக்கம் விமானச் சங்கத்து ஜெர்மானியர்கள், ஒரு பக்கம் கோவில் மனிதர்கள். நான் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் கதவருகே நின்றேன். யாரோ ஒருவர் நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டார். நான் முறுக்கினால் அவர் கோடு போடுவார் என்று சொல்ல முடியுமா? கூட வேலை செய்தவன் என்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தபின் கமலா அக்கா வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: “இந்த பிளேனை என்ன செய்யிறது? டிரெஸ்டனிலை ஒருத்தர் வாங்கக் கேக்கிறார். அவருக்கும் போன வருசமே பறக்கிறதுக்கு மெடிக்கல் குடுக்கேல்லைத்தானே.”

எனக்குப் புரியவில்லை. யாருக்கு என்றேன்.

“இவருக்குத்தான். இருதயம் சரியில்லை, இனி ஓட்டக்கூடாது எண்டு டொக்டர் மறிச்சுப்போட்டார். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்.”

“தெரியாது அக்கா. அப்புறம் ஏன் கட்டிட்டே இருந்தாரு?”

“நானும் கேட்டனான். ‘சேகருக்குப் பறக்க ஆசை. நான் நிப்பாட்டினால் அந்த மனுசன் சனிக்கிழமையிலை எங்க போறது?’ எண்டார்.”

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா எழுந்து வந்து என் தோளைப் பிடித்ததும்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. “எனக்கு உசரம்னாலே தலை சுத்தும் அக்கா. நான் ஒரு நாளும் அதுல ஏறப்போறதில்ல. அவருக்காகத்தான் போனேன்” என்றேன்.  “ரெண்டு பேரும் விசரர், சரியான பைத்தியங்கள்” என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆக, இருவருமே பறக்கப் போகாத ஒரு விமானத்தை, மற்றவர் மனம் நோகக் கூடாதென்று கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். ஹெல்கா இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். கூலரைத் தகட்டில் மாட்டிய அதே மடத்தனம்தான். அது எங்களைச் சனிக்கிழமைதோறும் ஒரே கொட்டகைக்குள் வைத்திருந்தது.

“என்ன சொல்லுறியள், டிரெஸ்டன்காரருக்குக் குடுத்துவிடவோ?” என்று அக்கா மறுபடி கேட்டார். “உங்க இஷ்டம் அக்கா” என்று வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டேன். “வேண்டாம் அக்கா. கொடுக்காதீங்க. நான் முடிக்கிறேன்.”

“முடிச்சு? ஆர் ஓட்டுறது?”

“தெரியல. ஓட்டத் தெரிஞ்ச யாராவது.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே, சரி என்றார்.

அடுத்த சனிக்கிழமை தனியாகக் கொட்டகைக்குப் போனேன். என் கணக்குகள் இன்னும் சுவரில் ஒட்டியிருந்தன. எஞ்சின் மூடியைத் திறந்து, கோடில்லாத அந்தக் கடைசி நட்டைப் பார்த்தேன். அவர் முறுக்கியது, நான் கோடு போட வேண்டியது. முதலில் குறை சொல்ல வேண்டும். வொஷர் நேராக இருந்தது. போல்ட்டின் மரை போதிய அளவு வெளியே தெரிந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் குறை இல்லை. வேறு வழியின்றி, ஆளில்லாத அந்தக் கொட்டகையில் வாய்விட்டே சொன்னேன்: “என்கிட்ட சொல்லலையே அண்ணை. தனியாவே வெச்சுக்கிட்டீங்களே.” பிறகு கோடு போட்டேன். அது சற்று வளைந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் அதையும் ஒரு குறையாகச் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு கூலரின் எண்ணெய்க் குழாய்களை மாட்டினேன். அது ஒருவரே செய்யக்கூடிய வேலைதான். இணைப்புகளைச் சரியான அளவுக்கு முறுக்கினேன், டிக் என்ற சத்தமும் கேட்டது. அவற்றின்மேல் கோடு இல்லை. நான் முறுக்கியதற்கு நானே கோடு போடக் கூடாது. ஆகையால் வேலை அங்கேயே நிற்கிறது.

அவரை அறிந்தவர்களே, உங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமைகளில் நான் அங்கேதான் இருப்பேன். விமானம் பற்றி உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எப்படிப் பார்ப்பது என்று நான் காட்டித்தருகிறேன். நான் செய்ததில் ஒரு குறை சொல்லிவிட்டு ஒரு கோடு இழுத்தால் போதும். குறை சொல்லத் தெரியாதவர் நம்மவர்களில் யாருமில்லை என்பதால் துணிந்து கேட்கிறேன். அண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த நகப்பூச்சுப் புட்டிதான். கமலா அக்காவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன், நீங்களே வைத்திருங்கள் என்றுவிட்டார். குளிரில் இறுகிவிடாமல் இருக்க அதை மேல்கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் உடனே எடுத்துக் கொடுக்கலாம்.